தெற்கு மண்டலம், அறுபது

கல்வி அலுவலக அலமாரியில் இரண்டு கல்லூரிகளின் கோப்புகள் அருகருகே இருந்தன. ஆற்றங்கரைக் கல்லூரியின் தடித்த கோப்பைப் பார்த்தாலே மலையடிக் கல்லூரியின் ஒல்லிக் கோப்புக்கு வயிறு எரியும். ஆற்றங்கரையின் தேர்ச்சி தொண்ணூறு சதவீதம், தன்னுடையது முப்பது.

இந்த வருடம் அதிகாரி கல்லூரிகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்தார். இரண்டு கோப்புகளும் ஒரே நாடாவுக்குள் வந்தன. அறிக்கையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிதான்: "தெற்கு மண்டலம், தேர்ச்சி அறுபது."

"தொண்ணூறு தொண்ணூறுன்னு என்னா ஆட்டம் போட்ட! இப்ப நீயும் அறுபதுதான்டி!" என்று துள்ளியது ஒல்லி.

"ஆமாடி, நீயும் அறுபதுதான்" என்றது தடிச்சி.

அதிகாரி அந்த வரியைப் படித்துவிட்டு, "தெற்கில் குறை ஏதும் இல்லை" என்று எழுதி நாடாவை இறுக்கினார். ஒல்லியின் வயிற்றுக்குள், கணக்கு வாத்தியார் வேண்டும் என்று கல்லூரி மூன்று வருடமாக எழுதிய கடிதங்கள் நசுங்கின.