போத்தலில் ஒட்டிய பெயர்

இந்தக் காலத்து ஆட்கள் ஒரு மிடறு தண்ணீர் தந்தாலும் போத்தலில் தங்கள் பெயரை ஒட்டித்தான் தருகிறார்கள் என்று முணுமுணுக்கிறார் சந்தியோகுக் கிழவர். அரிப்புக்குத் தெற்கே, கடற்படை முகாமின் முள்வேலிக்கு முன்னால், நண்டு வாங்கும் கம்பனிக்காரி ஹமீதா போட்ட போராட்டப் பந்தலுக்குள் அவர் இருக்கிறார். போர் முடிந்து மீள்குடியேறி வந்தும், அவர் வள்ளம் இழுத்த கரை அந்த வேலிக்குள்தான் கிடக்கிறது. "எங்கட கரையைத் திறந்து விடுங்கோ!" ஹமீதா ஒலிவாங்கியில் கத்துகிறாள். முக்காடு வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருக்கிறது. குரலில் பொய் இல்லை. சனம் கைதட்டுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் துவக்கோடு நிற்கும் சிப்பாய் கைபேசியில் படம் எடுக்கிறான். பந்தலோரம் அவளுடைய ஐஸ் பெட்டிகளும், உறை பிரிக்காத புதுத் தராசும் இப்போதே வந்து காத்திருக்கின்றன. கிழவர் எழும்புகிறார். "பிள்ளை, கரை திறந்தா நண்டை விரும்பின ஆளுக்கு விக்கலாமோ?"

"ஏன் ஐயா, என்ர விலை குறைவோ?"

"நான் விலையைக் கேக்கேல்லை."

அவள் கை ஒலிவாங்கியைப் பொத்துகிறது. "முதல்ல திறக்கட்டும். பிறகு கதைப்பம்."

"கிழவனுக்கு வெயில் ஏறிட்டுது," என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரிக்கிறார்கள், ஹமீதா சிரிக்கவில்லை. கிழவர் அவள் பெயர் ஒட்டிய போத்தலைத் திறக்காமலே கதிரையில் வைத்துவிட்டு வெயிலில் இறங்கி நடக்கிறார். முதுகுக்குப் பின்னால் கோஷம் மறுபடி எழுகிறது. அவருடைய உதடுகளும் அதையே சொல்கின்றன. கால்கள் மட்டும் திரும்பவில்லை.