சீனாக்காரன் சொன்ன இடம்

இரண்டு கையும் மாவுக்குள் இருக்கும்போதுதான் எனக்குப் பேச்சு வரும். உப்பைக் கலக்கிக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.

ஒரத்தநாடு கடைத்தெருவை ஒட்டி எங்கள் வீடு. முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறேன். விற்கிறேன் என்பது பெயருக்குத்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆட்டுவேன். யாராவது வந்து கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். மாமியார் வீட்டில் இருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் வந்தவர்கள் போய்விடுவார்கள்.

"ஆடிக்குள்ள ஓடலேன்னா கிரைண்டரைத் தள்ளிவிட்டுடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பாப்பா பிறந்த பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் கிரைண்டர் ஒன்றுதான். பக்கத்தில் வளையல் கடை வைத்திருக்கும் சஃபியா அக்காவிடம் போய் அழுதேன்.

"இடம் சரியில்லடி. ஃபெங் சுயி பார்க்கணும்" என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரருக்குப் பினாங்கில் வேலை. "அங்க சீனாக்காரன் கடையில எல்லாம் அதுதான்."

நான் எட்டாவதோடு நின்றவள். நூடுல்ஸ் மாதிரி ஏதோ என்று நினைத்து, "அதை எப்படிக்கா வேகவைக்கிறது?" என்று கேட்டும் தொலைத்தேன்.

"அது சீனாக்காரன் வாஸ்துடி" என்று சிரித்து முடித்துவிட்டு அக்காவே வந்து நின்று எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

"சுவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். மூஞ்சி வாசலைப் பார்க்கணும். வாசல்ல மணி. மேசையில மூணு கால் தவளை, இந்தா, என்கிட்டயே ஒண்ணு கிடக்கு. மணி அடிச்சா தலை நிமிரணும். அதுதான் ரொம்ப முக்கியம்."

மணிக்கு எங்கே போவது? கன்றுக்குட்டியின் கழுத்து மணியைக் கழற்றிக் கட்டினேன். அது அடிக்கும்போதெல்லாம் கன்று அவிழ்த்துக்கொண்டது என்று மாமியார் கொல்லைக்கு ஓடினார்கள்.

"வாய்க்கால்ல கத்துற தவளை பத்தாதா? நடுவீட்டுல இந்த நொண்டித் தவளை வேறயா?" என்று திட்டும் விழுந்தது.

நான் அசரவில்லை. வெள்ளிக்கிழமை தவளையைக் குளிப்பாட்டிக் குங்குமம் வைத்தேன்.

"அடிப்பாவி, தவளைக்குப் பொட்டா! சீனாக்காரன் பார்த்தா அழுதுடுவான்" என்ற அக்கா, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். "வர்றவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். பேசாட்டி வந்த சக்தி வாசலோட திரும்பிடும்."

சக்தி திரும்பிவிடுமே என்ற பயத்தில் வாயைத் திறந்தேன். முதல் வாரம், "தோசை நல்லா வந்துச்சா?" என்பதைத் தவளையைப் பார்த்துத்தான் கேட்டேன். பிறகு ஆளைப் பார்த்துக் கேட்டேன்.

ஆடி பிறந்தது. மாவு மதியத்துக்குள் தீர்ந்தது. "இன்னொரு கிரைண்டர் பார்க்கட்டுமா?" என்று அவர் கேட்டபோது, "எல்லாம் ஃபெங் சுயி" என்று பெரிய படிப்பாளி மாதிரி சொன்னேன்.

நேற்று ஒரு பாக்கெட் மாவை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு நன்றி சொல்லப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால், அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மணியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்னக்கா, உங்க கடையில ஃபெங் சுயி?"

"எனக்கெதுக்குடி? நான் முதுகாலயே ஊரைக் கூப்பிட்டுப் பேசுவேன்." வளையலை அடுக்கிக்கொண்டே சொன்னார்கள். "வெக்கப்படாதேன்னு உன்கிட்ட சொல்லிப் பாரு, இன்னும் நாலடி உள்ள போயிடுவ. அதான் சீனாக்காரனைக் கூப்பிட்டேன்."

வெட்கமாகப் போய்விட்டது. இன்று காலை பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ போகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். யாரென்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால் மறுபடியும் வாசல் பக்கமே திரும்பி...

"மேகலா, மாவு இருக்காம்மா?"

"வாங்க சார், இருக்கு! ஊருக்குப் போன பொண்ணு வந்துடுச்சா, அதுக்குப் புளிச்ச மாவுதானே புடிக்கும், இருங்க, கையைக் கழுவிட்டு வர்றேன்!"