முப்பத்தெட்டுத் தப்பு

அம்மா வேண்டுமென்றேதான் தப்புத் தப்பாக வரைகிறாள் என்பது இரண்டாவது கோட்டிலேயே மகளுக்குத் தெரிந்துவிட்டது.

உளவியல் பட்டப்படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு. பரிசோதிக்க ஓர் ஆளை ஒவ்வொரு மாணவியும் கையோடு கூட்டிவர வேண்டும் என்பது விதி. வருகிறேன் என்று சொல்லியிருந்த தோழிக்குக் காலையில் பார்த்துக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அம்மாவிடம் போய் நின்றாள். அம்மா பார்லரைப் பூட்டிவிட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

சீட்டு எடுத்ததில் விழுந்தது கண்ணாடிச் சோதனை. மேஜையில் ஒரு நட்சத்திரப் படம். நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு. எதிரே கண்ணாடி. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கோட்டைத் தொட்டால் ஒரு தப்பு. மொத்தம் ஐந்து முறை. முதலில் யாருக்கும் கை எதிர்ப்பக்கம்தான் போகும். போகப் போகப் பழகும்.

அம்மாவுக்குப் பழக என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடி முன்னால் நின்று முடி வெட்டுகிறவள். தன் தலைமுடியைக்கூடக் கண்ணாடியைப் பார்த்துத் தானே வெட்டிக்கொள்வாள், பின்பக்கம் உட்பட.

அந்தக் கை இப்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒழுங்காப் பாரும்மா" என்று சொல்ல மகளுக்கு நாக்கு துடித்தது. சொல்லக்கூடாது. சோதனை ஆரம்பித்த பிறகு வாயைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும்.

முதல் முறை முப்பத்தெட்டுத் தப்பு.

பழி வாங்குகிறாள் என்று நினைத்தாள் மகள். கணக்குப் படி, கம்ப்யூட்டர் படி என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் சேர்ந்த படிப்பு இது. "என் நாற்காலியில உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் அவங்கவங்க மனசுல இருக்கிறதைத் தானாக் கொட்டிட்டுப் போறாங்க. இதுக்குப் போய் மூணு வருஷமா?" என்று வாடிக்கையாளர்களுக்கு எதிரிலேயே கேட்பாள். சித்தி போன் செய்தால் போதும். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கத் தெரியாதவள் அடுத்தவர் மனசைப் பார்க்கப் போகிறாளாம் என்று ஒரு பாட்டம் நடக்கும்.

இரண்டாவது முறை இருபத்தாறு. அப்புறம் பதினைந்து. அப்புறம் ஆறு. ஐந்தாவது முறை ஒன்றுகூட இல்லை.

பாதியில் மனசாட்சி உறுத்தியிருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

வரைபடத் தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே சரிவு. பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். இப்படியே நீட்டினால் முழு மதிப்பெண். மேல்படிப்புக்கு இருப்பதே இருபது இடம். இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள்.

தாளில் கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது. பங்கேற்றவர் எப்படி நடந்துகொண்டார்? எல்லோரும் யோசிக்காமல் 'நன்றாக ஒத்துழைத்தார்' என்று எழுதிவிடுகிற கட்டம்.

பேனா நகரவில்லை. பொய்யென்று தெரிந்த எண்களை நீட்டி ஓர் இடம் வாங்க மனசு வரவில்லை. கூடவே கோபமும் சேர்ந்துகொண்டது. எழுதினாள்: 'வேண்டுமென்றே தவறாக வரைந்தார். என்னைத் தோற்கடிக்க நினைத்திருக்கலாம்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அதை இரண்டு தடவை படித்தார். என்ன விஷயம் என்று மகளிடம் கேட்டார். அம்மாவின் தொழிலையும், இந்தப் படிப்பு அம்மாவுக்கு ஆகாது என்பதையும் மகள் சொன்னாள். அவர் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, புது நட்சத்திரம் ஒன்றை மறைப்புக்குப் பின்னால் வைத்தார்.

"இந்தத் தடவை உங்க கையை அது போற போக்குல விடுங்க."

அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். பென்சில் ஒரே வீச்சில் நட்சத்திரத்தைச் சுற்றி வந்து நின்றது. ஒரு கோட்டையும் தொடவில்லை.

அப்படியானால் முதலில் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று தேர்வாளர் கேட்டார்.

அம்மா கைப்பையின் வாரைத் திருகினாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது கண்ணாடிச் சோதனையைப் பற்றி மாணவிகள் பேசிக்கொண்டதைக் கேட்டாளாம். முதலில் தப்பு நிறைய வர வேண்டும், பிறகு குறைய வேண்டும், குறையாவிட்டால் மார்க் போச்சு என்றார்களாம்.

"எனக்குத்தான் எடுத்த எடுப்பிலேயே சரியா வந்துடுமேங்க. அப்புறம் எதைக் குறைச்சுக் காட்டுறது? அதான் நிறையப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேன்."

மகளுக்குக் காது மடல்கள் சூடாயின.

மார்க் சரிவுக்கு இல்லை, கண்டதைக் கண்டபடி எழுதுவதற்குத்தான் என்றார் தேர்வாளர். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் புதுத் தாளில் எழுதச் சொன்னார். பழைய தாளில் கடைசி வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடிட்டார்.

"முதல் வாக்கியம் நீ பார்த்தது. ரெண்டாவது நீயா நினைச்சது. அதை மட்டும் எடுத்துடு."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். இந்தப் படிப்பே உங்களுக்குப் பிடிக்காது என்கிறாளே மகள், அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டார்.

அம்மா மகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"வேற படின்னுதாங்க சொன்னேன். தோத்துப் போன்னு எப்பங்க சொன்னேன்?"