ஐந்தாவது மீன்

காலை வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் சாய்ந்து விழுகிறது. ஊரெல்லாம் குளித்து, துவைத்து, கழுவிவிட்ட நீர், ஆறு தொட்டிகளில் தங்கித் தெளிந்து இங்கே வந்து நிற்கிறது. அதற்குள் ஐந்து மீன்கள். பத்து மணிவரை ஐந்தும் உயிரோடிருந்தால்தான் ஆற்று மதகைத் திறப்பது இந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழக்கம். நேற்று இரண்டு செத்து மிதந்தன. நீர் முதல் தொட்டிக்கே திரும்பிப் போனது. இன்றும் மிதந்தால் நிலையப் பொறுப்பாளரின் இடத்துக்கு வேறு ஆள் வருவார். அந்தப் பொறுப்பாளரான அவள் தொட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்கு மீன்கள் திரிகின்றன. ஐந்தாவது அடியில் அசையாமல் கிடக்கிறது. “அது போயிடுச்சுக்கா,” என்று கண்ணாடியைத் தட்ட விரலை நீட்டுகிறான் பம்ப் மெக்கானிக். “தூங்குது. தட்டி எழுப்பினா உனக்குக் கோபம் வராதா?” “என் பொண்டாட்டிகூட எனக்கு இப்படிக் காவல் இருந்ததில்லை.” “நீ ஒருநாளாவது இது மாதிரி சத்தமில்லாம கிடந்திருந்தா இருந்திருப்பா.” எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. சுவர்க் கடிகாரத்தில் முள் பத்தைத் தொடும்போது, தொட்டியின் அடியில் ஒரு வால் மெல்லப் புரள்கிறது. ஐந்தாவது மீன் வெயிலை நோக்கி ஏறி வருகிறது. மெக்கானிக் எழுவதற்குள் மதகுச் சக்கரத்தை அவளே சுற்றுகிறாள். நீர் நிறமில்லாமல், வாடையில்லாமல் ஆற்றில் இறங்குகிறது. “அப்பாடா, இத்தோட முடிஞ்சுதுக்கா.” “எங்கே முடியுது? மேகமாப் போய், மழையா நம்மகிட்டதான் வரணும்.” அவள் நிமிர்ந்து நிற்கிறாள். மகளை வழியனுப்புகிறவளைப் போல ஈரக்கையைத் தூக்குகிறாள். “போயிட்டு வா.”