காணாமல் போன பன்னிரண்டு பேர்

"யார் அழிச்சாங்கன்னு பேரோட காட்டுமாண்ணா?"

"பேரு, தேதி, மணி எல்லாம் காட்டும். இந்த மென்பொருள்கிட்ட ஒண்ணையும் மறைக்க முடியாது" என்று சிரித்தார் துறையின் கணினிப் பொறியாளர். கோப்பில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்னும் மென்பொருள் எப்படிச் சேமிக்கிறது என்று ஆராய்ச்சி மாணவிக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் அரைகுறையாக அதைப் பழகும்போது, எதையோ தட்டப்போய் நூற்றிருபது வரிகள் கொண்ட அளவுக் கோப்பின் கடைசிப் பன்னிரண்டு வரிகள் போய்விட்டன. ஆலைத் தொழிலாளர்களின் செவித்திறன் அளவுகள். வரிக்கு ஓர் ஆள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன வாரம் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை மறுபடி கணக்குப் போட்டபோது, இரைச்சலால் காது கெடுகிறது என்ற முடிவே ஆட்டம் கண்டது. பேராசிரியையின் நாலு வருட உழைப்பு. மேடம் திட்டவில்லை, வரிகள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

அந்தப் பன்னிரண்டு பேரையும் தேடிப் போய் மறுபடி அளந்துவிடலாம் என்று தொலைபேசிப் பட்டியலைத் திறந்தாள். நூற்றெட்டாவது ஆளோடு பட்டியல் முடிந்திருந்தது. இதையும் நாமேதான் அழித்துத் தொலைத்திருக்கிறோம் என்று கழிவறையில் போய் அழுதாள்.

"அழிஞ்சதைத் திரும்பக் கொண்டுவர முடியுமாண்ணா?" என்று இப்போது பொறியாளரிடம் கேட்டாள்.

"ஒரே கட்டளை. அவ்வளவுதான்."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினாள். நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

"நான்தான் மேடம் அழிச்சேன். சொல்லப் பயந்துட்டேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நீயா?"

"ஆமா மேடம். ஆனா எல்லாம் பத்திரமா இருக்கு. இப்பவே கொண்டு வந்துடறேன்."

கட்டளையைத் தட்டப்போனாள். மேடத்தின் கை மடிக்கணினியை மெல்ல மூடியது.

"வேண்டாம்மா."

"உங்க நாலு வருஷ உழைப்பு மேடம்! சந்தேகம்னா அந்தப் பன்னிரண்டு பேரையும் நானே நேர்ல போய்ப் பார்த்து, திரும்ப அளந்து..."

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்படிப் பன்னிரண்டு பேர் இல்லவே இல்லம்மா."