கொடுத்தவள் மேல் பழி

அநியாயம் நடந்தது அந்த வீட்டின் இளைய மருமகளுக்கு. கணவன் பிழைக்க வேண்டும் என்று தன் கல்லீரலில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தவள். ஒரு வருடம் கழித்து அவனுக்கு மஞ்சள் காமாலை வந்ததும், "கெட்டதைக் கொடுத்துட்டா" என்று அவள் தலையிலேயே போட்டார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் கணவனின் அண்ணன்.

"என் கல்லீரல் மட்டும் பொருந்தியிருந்தா தம்பிக்கு இந்தக் கதியே வந்திருக்காது. என்ன பண்றது, பொருந்தலைன்னு டாக்டர் சொல்லிட்டாரே!"

வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதே பாட்டு. மாமியாரும் நம்பிவிட்டார். மகன் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்துச் சொறிவதைப் பார்க்கப் பார்க்க, மருமகளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அவள் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. அதைப் பார்த்த பிறகும் இப்படிப் பேச நாக்கு வருமா? வந்தது.

அவளாவது திருப்பிக் கேட்டாளா? வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

டாக்டர் எல்லாரையும் வைத்துக்கொண்டு படம் போட்டே விளக்கினார்.

"கல்லீரல்ல ஒரு குறையும் இல்லைம்மா. அதுல ஊறுற பித்தம் குடலுக்குப் போற குழாயை நாங்க சேர்த்துத் தைச்சோம் இல்லையா, அந்த இடம் தழும்பாகி இறுகிடுச்சு. சில பேருக்கு இப்படி ஆகும்."

நோயாளி பிளம்பர். படுத்தபடியே சிரித்தான்.

"தொட்டி நல்லாத்தான் இருக்கு, ஜாயின்ட்லதான் கோளாறு. அப்படித்தானே சார்?"

"அதேதான்."

"கேட்டியாண்ணா? இனிமே தொட்டியைத் திட்டாதே."

"தொட்டி சுத்தமா இருந்தா ஜாயின்ட் ஏன்டா அடைக்குது?"

அண்ணன் விடுவாரா!

வாய்வழியாகக் கருவியை விட்டு, இறுகிய இடத்தை விரித்து, உள்ளே சின்ன பிளாஸ்டிக் குழாய் வைத்துப் பார்த்தார்கள். நாலு முறை. நாலு முறையும் காய்ச்சலும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தான்.

கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார். "வயித்தைத் திறந்து, இறுகின இடத்தை விட்டுட்டு, சிறுகுடலையே மேலே இழுத்து நல்ல குழாயோட நேரா தைக்கணும். இன்னும் தள்ளிப் போட்டா கல்லீரலே போயிடும்."

ஆறு மணி நேர ஆபரேஷன். பெஞ்சின் இந்தக் கோடியில் மாமியார், அந்தக் கோடியில் மருமகள். நடுவில் அண்ணன், கைப்பேசியில் யாருக்கோ அதே பாட்டைப் பாடிக்கொண்டு.

கதவு திறந்தது. முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் சிரித்தன.

"இறுகின இடத்துக்கு மேலே திறந்தோம், பித்தம் குபுகுபுன்னு வந்துச்சு. தங்கக் கலர்! நல்ல கல்லீரல்தான் அப்படி வேலை செய்யும். கொடுத்த மகராசி எங்கே?"

மருமகள் மெல்லக் கை தூக்கினாள், வகுப்பில் பேர் கூப்பிட்ட மாதிரி.

பத்தாவது நாள் பிளம்பரின் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அரிப்பு போன இடம் தெரியவில்லை. சாப்பாடு பத்தவில்லை என்று நர்ஸிடம் சண்டை வேறு.

மாமியார் மருமகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "புத்தி கெட்டுப் போய்ப் பேசிட்டேன்டி கண்ணு."

"விடுங்க அத்தை. உங்க பிள்ளை எழுந்து உக்காந்துட்டார். அது போதும்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"என்ன இருந்தாலும், என்னுது பொருந்தியிருந்தா இந்த ரெண்டாவது ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காது."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொருந்துச்சு, மாமா."

"என்னது?"

"உங்க ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்ததே நான்தான். எல்லாம் பொருந்தியிருந்துச்சு. ஆனா நீங்க அன்னிக்கு ரொம்ப பயந்து போயிருந்தீங்க. அதான், 'அவரைத் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க, இஷ்டமில்லைன்னா பொருந்தலைன்னே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க'ன்னு டாக்டரைக் கெஞ்சினதும் நான்தான்."