வெளுத்த மை

காற்று மாசுப் பாடத்தின் செய்முறைத் தேர்வில், தெருவில் வண்டிப் புகை விட்டுப்போகும் கரியிலிருந்து மை காய்ச்சி எழுதிக் காட்ட வேண்டும். சுடர்க்கொடிக்குக் கரி தருவது அப்பாவின் முகக்கவசம். கோயம்பேடு சந்திப்பில் நாளெல்லாம் நிற்கும் போக்குவரத்துக் காவலர் அவர். அவள் ஆறாம் வகுப்பில் படித்தபோது ஒரே கவசத்தை அலசினால் ஒரு புட்டி மை கிடைத்தது.

இந்த வருடம் பத்துக் கவசங்களை அலசியும் கழுநீர் போலத்தான் வந்தது.

“நேத்து ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ராவா நின்னேன் கண்ணு, ஒண்ணுமே ஒட்டல. ஊர்ப் புகையையெல்லாம் பசங்க நீங்களே பிடிச்சு முடிச்சிட்டீங்க போல,” என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

தேர்வாளர் அவள் எழுதிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“எழுத்தே தெரியலையேம்மா. என்ன எழுதின?”

“எங்கப்பா பேரு சார்.” அவளுக்குக் கண் கலங்கியது. “அவரு கவசம் இப்பல்லாம் கறுக்கவே மாட்டேங்குது.”

“அப்பாவுக்கு இருமல் இருக்கா?”

“முன்னல்லாம் விடாம இருமுவாரு. இப்ப இல்ல சார்.”

தேர்வாளர் தன் பேனாவை மூடி வைத்தார். அவளுடைய மையைத் தொட்டே ஐம்பதுக்கு ஐம்பது போட்டார். அதையும் யாராலும் படிக்க முடியவில்லை.